அரை என்று பேசிய விரல்

ஆம்பூர் தோல் மண்டியில் வாயால் விலை சொல்கிறவனை யாரும் வியாபாரி என்று மதிப்பதில்லை. அங்கே பேச வேண்டியது கை. விற்கிறவரும் வாங்குகிறவரும் வாய்விட்டுப் பேரம் பேசினால் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் விலை தெரிந்துபோகும். அப்புறம் அடுத்த லாரிக்காரன் நம் தலையில் ஏறி உட்காருவான். ஆகவே தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேல் போட்டு மூடுவார். துண்டுக்குள் விரலை விரல் பிடிக்கும். எத்தனை விரல் பிடிபடுகிறதோ, ஒரு தோலுக்கு அத்தனை ரூபாய். பத்தா இருபதா என்பதை அன்றைய மார்க்கெட் தெரிந்தவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரை ரூபாய் சேர்க்க வேண்டுமானால், ஆள்காட்டி விரலின் நுனியை மடக்கி எதிராளியின் உள்ளங்கையில் ஓர் ஊன்று. மொத்த இலக்கணமும் இவ்வளவுதான். மேலே இரண்டு முகங்கள் பாலாற்றில் தண்ணீர் வருமா வராதா என்று பேசிக்கொண்டிருக்கும். கீழே ஒரு லாரி ஆட்டுத்தோல் கைமாறியிருக்கும்.

இந்தப் பாஷையில் சர்தார் பாஷாவை மிஞ்ச ஆள் கிடையாது. பெயரிலேயே பாஷையை வைத்துக்கொண்டு பிறந்தவன் என்று மண்டியில் கேலி செய்வார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒட்டடைக்கோல் மாதிரி உயரம், வெள்ளை ஜிப்பா, கட்டம் போட்ட துண்டு. டீ ஆறுவதற்குள் ஒரு பேரத்தை முடித்துவிட்டு, அந்த டீயையும் குடித்துவிடுவார். வேகம் மட்டுமல்ல, அவர் கை பொய் சொல்லாது என்று ஒரு பெயர் இருந்தது. விற்கிறவர் சொன்ன விரலை அப்படியே வாங்குகிறவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார், நடுவில் ஒரு நகக்கண் அளவும் கூடாது, குறையாது. அந்தப் பெயரை அவர் சோற்றுக்கு மேலாக நினைத்தார். தப்பில்லை, சோறே அதனால்தான் வந்தது.

எழுபத்தேழாம் ஆண்டு வாக்கில் அந்தக் கையில் வம்பு ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் பிடித்துக்கொண்டன. லுங்கியை முடிய ஒரு போராட்டம், ஜிப்பாப் பொத்தானைப் போட இன்னொரு போராட்டம். விரல்களின் நுனி மூட்டில், நகத்துக்குக் கொஞ்சம் கீழே, வேர்க்கடலைப் பருப்பு வைத்துத் தைத்ததுபோல இரண்டு பக்கமும் முண்டு கிளம்பியது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, சாவியைத் திருகினால் உயிர் போகிற வலி. உப்புப் போட்ட தோலிலேயே புழங்குகிறோமே, அந்த உப்புத்தான் உள்ளே இறங்கிவிட்டது என்று அவராக ஒரு வைத்தியம் கண்டுபிடித்து, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். தரகன் தன் கையைப் பற்றிப் புலம்பலாமா? பாடகன் தொண்டை சரியில்லை என்று மேடையில் சொல்வானா?

மனைவி அக்தர் பானு மட்டும் கேட்டாள். "இன்னாங்க, டம்ளர ரெண்டு கையால புடிக்கிறீங்க?"

"குளிருது" என்றார். ஆம்பூரில், சித்திரை மாதத்தில்!

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் குட்டு வெளிப்பட்டது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஆட்டுத்தோல் கொண்டுவரும் பச்சையப்பன் ஒரு லாரி நிறையச் சரக்கோடு வந்திருந்தான். வாங்க நின்றவர் அப்துல் ஹமீத். ஆம்பூரில் சொந்தத் தோல் ஷாப்பு வைத்துப் பதனிடுகிறவர். சர்தார் பாஷாவின் பால்ய தோஸ்து. பச்சையப்பனின் கடைசி விலை பதின்மூன்று. சர்தார் பாஷா துண்டைப் போட்டு ஹமீதின் மூன்று விரலைப் பிடித்தார். ஹமீத் ஒரு கணம் யோசித்து, சரி என்று தலையை ஆட்டினார். முடிந்தது பேரம்.

மறுநாள் ஹமீத் பணத்தைக் கொடுத்தார். பச்சையப்பன் எண்ணிப் பார்த்துவிட்டு விழித்தான். நல்ல மனுஷன். வந்ததை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. "இன்னா ஹாஜியாரே, பதிமூணரை போட்டுக் குடுத்துருக்கீங்க? நான் கேட்டது பதிமூணுதானே" என்று மண்டிக்கு நடுவில் நின்று கேட்டுவிட்டான்.

ஹமீதின் முகம் சிவந்தது. "பாஷா! அந்த அரை யாருக்கு?"

"நான் அரை போடல ஹமீத் பாய். குர்ஆன் சத்தியமா போடல."

"என் உள்ளங்கையில குத்துச்சே! நான் இன்னா பொய்யா சொல்றேன்? கையக் காட்டு, பாப்போம்!"

சர்தார் பாஷா கையை நீட்டினார். நீட்டின பிறகுதான் அவருக்கே உறைத்தது. மற்ற விரல்கள் ஒருமாதிரி நிமிர்ந்தன. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் நிமிரவில்லை. கொக்கி மாதிரி வளைந்தே நின்றது. அந்த விரல் இனிமேல் என்ன பேசினாலும் கூடவே ஓர் அரையைச் சேர்த்துத்தான் பேசும்!

திருட்டுப் பட்டம் அந்த நிமிஷமே கழன்றுவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பட்டம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் நின்ற ஒருவன் குனிந்து பார்த்து, "இன்னா பாய் இது, வெரலு இப்படி கோணிக்கினு நிக்குது?" என்று கேட்டுவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அவன் நகர்ந்ததைப் பார்த்து இன்னொருவன் நகர்ந்தான். ஹமீத் தம் கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டு உரக்கச் சொன்னார்: "என் கைக்கு ஒண்ணும் இல்ல. இவன் கைதான் கோணல். எல்லாரும் பாத்துக்குங்க!"

வட ஆற்காட்டு மண்ணில் விரல் கோணினால் ஊருக்கு ஒரே நினைப்புத்தான் வரும். தொழுநோய். அந்த நோய் வந்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. சர்தார் பாஷாவை யாரும் வையவில்லை, விரட்டவில்லை, சலாம் சொன்னால் பதில் சலாமும் வந்தது. ஆனால் அவர் துண்டை விரித்தால் உள்ளே வர ஒரு கையும் இல்லை. திருடன் என்றிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தொடப் பயப்படுகிறவனோடு என்ன சண்டை போடுவது? ஹமீதோ அன்றோடு மண்டிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். பேரத்துக்குத் தம் மருமகனை அனுப்பினார். பழைய தோஸ்துமேல் அத்தனை கோபம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சர்தார் பாஷா இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்தர் பானு எதிரே வந்து நின்றாள்.

"ஊர் வாய மூட ஒலமூடி கெடையாது. வேலூருக்குக் கெளம்புங்க."

"போய்? ஆமா அதுதான்னு டாக்டர் சொல்லிட்டா?"

"சொன்னா மருந்து குடுப்பாங்க. நானும் கூட வர்றேன். எழுந்துருங்க!"

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கைகளுக்கென்றே தனியாக ஒரு பகுதி. டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கே அனுப்பினார். அங்கிருந்த பெஞ்சைப் பார்த்ததும் சர்தார் பாஷா வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டுப் போட்ட கைகள், மடங்கிய விரல்கள், பாதி விரல்கள். பெஞ்சின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து கைகளைத் துண்டால் மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த ஆள், தொழுநோய் ஆறி விரலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவன், அவரைப் பார்த்துச் சிரித்தான். "இங்க யாரும் கைய ஒளிக்கறதில்ல பாய். தாராளமா வெளிய வுடுங்க" என்றான். சர்தார் பாஷாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் தம்மை எப்படிப் பார்த்ததோ அப்படித்தான் தாமும் இவர்களைப் பார்த்தோம் என்று புரிந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

உள்ளே இருந்தவர் ஜெபராணி. கைக்கு வைத்தியப் பயிற்சி கொடுப்பதுதான் அவர் வேலை. காட்பாடிக்காரர், நாற்பது வயது, நல்ல பருமன், அடுத்த அறைக்குக் கேட்கும் குரல். ஒரு பெண்பிள்ளை கையைப் பிடிக்கப் போகிறாரே என்று சர்தார் பாஷா தயங்கி அக்தர் பானுவைப் பார்த்தார். "குடுங்க, குடுங்க. ஊர்ல எவனும் புடிக்கல, புடிக்கறவங்ககிட்டயாவது குடுங்க" என்றாள் அவள்.

ஜெபராணி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் கையின் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். எங்கே தொட்டேன் என்று கேட்டார். சர்தார் பாஷா ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு ஜெபராணி கட்டைவிரலின் அடி மூட்டை ஓர் அமுக்கு அமுக்கினார்.

"யா அல்லாஹ்!"

"வலிச்சுதா?"

"உயிர் போச்சும்மா!"

"அப்ப சந்தோஷப்படுங்க. பஞ்சு பட்டா தெரியுது, அமுக்குனா வலிக்குது. நீங்க பயந்துக்கினு வந்தது இது இல்ல பாய். அந்த நோயில உணர்ச்சி மரத்துப் போவும். டாக்டரும் படத்தப் பாத்து எழுதிட்டாரு. இது மூட்டுத் தேய்மானம். வயசானா முட்டிக்கு வர்றது, உங்களுக்குக் கைக்கு வந்துருக்கு. யாருக்கும் ஒட்டாது."

சர்தார் பாஷா அதை நம்பாமல் தாமே ஒருமுறை கட்டைவிரலை அமுக்கிப் பார்த்தார். வலித்தது! இன்னொருமுறை அமுக்கினார். அருமையாக வலித்தது! "வலிக்குது பானு! நல்லா வலிக்குது!" என்று எழுந்து நின்று கத்தினார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்தர் பானு புர்காவின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்களே, அன்று அந்த இருவருக்கும் அதுதான். திரும்பி வரும் பஸ்ஸில் சில்லறை கொடுத்த கண்டக்டரிடம்கூடச் சர்தார் பாஷா, "எனக்கு வலிக்குதுப்பா" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். கண்டக்டர் என்ன நினைத்தானோ, உட்கார இடம் பிடித்துக் கொடுத்தான்.

ஆனால் ஜெபராணி பொய்யாக ஆசை காட்டுகிறவர் அல்ல. அடுத்தமுறை போனபோதே சொல்லிவிட்டார். "தேஞ்சது திரும்பி வராது. இந்த வெரல் நுனி முழுசா நேராவும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வலி கம்மியாவும், கை ஓடும். அதுக்கு நான் பாதி, நீங்க பாதி. வாரத்துக்கு ஒருநாள் இங்க நான் பாக்கறது பெரிசு இல்ல, மிச்ச நாளெல்லாம் வீட்ல நீங்க இன்னா பண்றீங்கங்கறதுதான் பெரிசு."

அவர் செய்ததைப் பார்த்தால் வைத்தியம் மாதிரியே இருக்காது. உருக்கிய மெழுகு இதமான சூட்டில் ஒரு தொட்டியில் இருக்கும். கையை முக்கி எடுக்க எடுக்க வெள்ளையாக உறை மாதிரி படியும். அதை உரித்ததும் கை பூப்போல இளகியிருக்கும். அப்போது ஒவ்வொரு விரலாக எடுத்து, மூட்டுக்குக் கீழே ஒரு கையால் தாங்கி, மேலே மற்றொரு கையால் மெல்ல இழுத்துப் பிடித்து விடுவார். சொடக்கு எடுப்பது இல்லை, முறிப்பது இல்லை. இழுத்து, விட்டு, மெதுவாக வட்டம் சுற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைத் தம் கட்டைவிரலால் அழுத்தி நீவி, உள்ளங்கையின் அடிவரை கொண்டுபோய் விடுவார். முதல் தடவை முடிந்ததும் சர்தார் பாஷா கையைப் பொத்தி விரித்துப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முஷ்டி மூடியது. அங்கேயே ஜெபராணிக்கு ஒரு குத்துச்சண்டைப் பாவனை காட்டினார்.

வீட்டுப் பாடம்தான் பேஜார். பையை விரல் நுனியில் மாட்டித் தூக்கக் கூடாது, தோளில் மாட்ட வேண்டும். எதையும் இரண்டு உள்ளங்கையால் ஏந்தித் தூக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழியக் கூடாது. தோலின் பதம் பார்க்கிறேன் என்று நாள் முழுக்க ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இழுத்தாரே, அதுவும் கூடாது, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். மெல்லிய பிடியெல்லாம் தடிமனாக வேண்டும் என்று ஜெபராணி சொன்னதற்கு, சர்தார் பாஷா தோல் துண்டுகளைக் கொண்டுவந்து சாவி, பேனா, குடைக்காம்பு, கரண்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சுற்றிவிட்டார். பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூட ஆட்டுத்தோல் சட்டை! "மிச்சம் இருக்கறது நான்தான். எனக்கும் சுத்திடுங்க" என்றாள் அக்தர் பானு.

காலைத் தொழுகை முடிந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைப்பார். பிறகு நீவிவிடுவது அக்தர் பானு. வேலூரில் கூட நின்று கற்றுக்கொண்டவள்தான், ஆனாலும் முதலில் கோழிக்கு இறகு பிடுங்குகிற மாதிரி இழுத்தாள். இவர் கத்தினார், அவள் பதிலுக்குக் கத்தினாள், பக்கத்து வீட்டார் சமாதானத்துக்கு வந்தார்கள். போகப் போகக் கை பழகியது. ஒருநாள் நீவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, மண்டியில இந்த வெரலப் புடிச்சா இன்னா அர்த்தம்?"

சர்தார் பாஷா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அது தொழில் ரகசியம். பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது."

"உங்க ரகசியத்ததான் ஊரே கூடி நின்னு பாத்துடுச்சே. இன்னும் இன்னா மிச்சம்?"

சொல்லிக்கொடுத்தார். விரலை மடக்கு, நீட்டு என்று வெறுமனே செய்யச் சொன்னால் சலித்துக்கொள்கிற மனிதர், பேரம் என்றதும் உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் இருவருக்கும் நடுவே துண்டு விழுந்தது. மீன் எவ்வளவுக்கு வாங்குவது, வாணியம்பாடித் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் போவது எல்லாம் துண்டுக்குள் முடிவாயின. பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். மண்டியில் எத்தனையோ கோடீஸ்வரர்களை மடக்கிய ஆள், மூன்று நாளுக்கு மேல் கிடையாது என்று ஆரம்பித்து ஆறு நாளுக்குத் தலையாட்டினார்.

ஆனால் அந்தக் கொக்கி விரல் மட்டும் விடவில்லை. எந்த எண்ணைப் பிடித்தாலும் அவள் உள்ளங்கையில் ஓர் அரையைக் குத்தியது. அக்தர் பானு ஒருநாள் எரிச்சலோடு சொன்னாள். "வெரலு மாறாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க இல்ல? அப்ப பாஷைய மாத்துங்க. அரைக்குச் சுண்டுவெரலால ஒரு தட்டு தட்டுங்க. அதான் உங்களுக்கு நல்லா இருக்கே!"

சர்தார் பாஷா வாயைப் பிளந்தார். தட்டிப் பார்த்தார். டொக்கென்று தெளிவாக விழுந்தது அரை. துண்டை உதறிக்கொண்டு எழுந்து, அந்த நிமிஷமே மண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

கிளம்பினதெல்லாம் சரி. பாஷையை மாற்றினாலும் கேட்க ஒரு கை வேண்டுமே! டாக்டர் சொன்னதை மண்டியில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். விரலைப் பொத்தி விரித்துக் காட்டினார். "அப்படியா பாய், ரொம்ப சந்தோஷம்" என்றார்கள், கையைக் கட்டிக்கொண்டே. பச்சையப்பன் ஒருவன்தான் பாசம் மாறாதவன். அவனும் விலையை அவர் காதில் வந்து சொன்னானே தவிர, துண்டுக்குள் வரவில்லை. "கோச்சுக்காத பாயி. ஒன் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஊட்ல பொம்பளதான், புள்ளைங்க இருக்கற ஊடு, தொடாதன்றா" என்றான். அந்த வார்த்தை சர்தார் பாஷாவை அறுத்தது. வலிக்காத இடமே இல்லை அன்றைக்கு. வீட்டுக்கு வந்து துண்டை மூலையில் வீசினார். ஒரே ஒரு கை, ஊர் பார்க்க உள்ளே வந்து வெளியே போனால் போதும், பயம் தெளிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு கையைத்தான் காணோம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு பக்ரீத் வந்தது. பக்ரீத்துக்கு மறுநாள் மண்டிக்கு அதுதான் திருவிழா. ஊரூராகக் குர்பானித் தோல் வந்து குவியும். லாரிக்குப் பின்னால் லாரி, உப்பு மூட்டை, கூச்சல். சீக்கிரம் விற்று உப்பில் போடாவிட்டால் தோல் கெட்டுவிடும் என்பதால் எல்லாருக்கும் பறப்பு. பச்சையப்பனின் சரக்குத்தான் அன்று கண்ணைப் பறித்தது. ஒரு கீறல் இல்லாத ஆட்டுத்தோல். அத்தனை ஷாப்புக்காரர்களும் அதைச் சுற்றி ஈயாக மொய்த்தார்கள். பச்சையப்பனோ பிடிவாதமாக நின்றான். "என் தரகர் பாஷா பாய்தான். அவருகிட்ட பேசுங்க."

சர்தார் பாஷா துண்டை விரித்து நீட்டினார். யாரும் அசையவில்லை. "வாயால சொல்லு பாய்" என்றான் ஒருவன்.

"நான் வாய்த் தரகன் இல்ல" என்றார் சர்தார் பாஷா. விரித்த துண்டை மடக்கவில்லை. "வேணும்ங்கறவங்க கையக் குடுங்க. வேணாம்னா போங்க."

அப்போது கூட்டம் விலகியது. அப்துல் ஹமீத் வந்துகொண்டிருந்தார். அன்று காலை அவருடைய மருமகன் சொத்தைத் தோலை அதிக விலைக்கு வாங்கிவிட்டு, மண்டியே சிரிக்க நின்றிருந்தான். இந்தச் சரக்கையும் கோட்டைவிட்டால் அந்த வருஷம் ஷாப்பு படுத்துவிடும். கையை ஜிப்பாப் பைக்குள் விட்டபடி சரக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வந்து நின்றார். ஒரு வருஷமாகப் பேசாத இரண்டு பேர். பிறகு பைக்குள்ளிருந்த கையை உருவிச் சட்டென்று துண்டுக்கு அடியில் நுழைத்தார்.

மண்டி மூச்சைப் பிடித்தது. வந்துவிட்டது, ஒரு கை வந்துவிட்டது! விலையைச் சொல்லச் சர்தார் பாஷா ஹமீதின் விரல்களைப் பிடித்தார். பிடித்ததும் திடுக்கிட்டார்.

ஆள்காட்டி விரலின் நுனியில் முண்டு. நடுவிரலில் முண்டு. மோதிர விரல் வளைந்து நின்றது. கட்டைவிரலின் அடி வீங்கி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமலே சர்தார் பாஷாவுக்குத் தெரிந்துவிட்டது. தம் கையைவிட மோசமான கை. நிமிர்ந்து பார்த்தார். ஹமீதின் கண்கள் கெஞ்சின.

பையிலிருந்து ஒரு வருஷமாக வெளியே வராத கை! கோபமும் இல்லை, கர்வமும் இல்லை, பயம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்றைக்கு அந்த அரையைக் குத்தியது யார் விரல், தப்பாக உணர்ந்தது யார் கை, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். 'என் கைக்கு ஒண்ணும் இல்ல' என்று கத்தினானே, பாவி! சர்தார் பாஷாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு வருஷம் தம்மைத் தொட ஆளில்லாமல் வைத்த வார்த்தை அது. துண்டை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். மண்டி முழுக்கப் பார்க்கும். இடது கை துண்டின் முனையைப் பற்றியும்விட்டது.

அதற்குள் யாரோ பின்னாலிருந்து நெருக்க, ஹமீதின் கட்டைவிரல் அழுந்தியது. அவர் பல்லைக் கடித்து, சத்தம் வராமல், "ஸ்ஸ்" என்றார். அந்த வலி சர்தார் பாஷாவுக்குச் சொந்த வீட்டு வலி. எந்த இடத்தில் தொடங்கி எங்கே ஓடிப்போய் முடியும் என்று நன்றாகத் தெரியும். துண்டின் முனையை விட்டார். அதையே இன்னும் நன்றாக இழுத்து, இரண்டு கையையும் முழுக்க மூடினார்.

விலை சொல்லவில்லை. மூட்டுக்குக் கீழே தாங்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலை மெல்ல இழுத்து விட்டார். வட்டம் சுற்றினார். அடுத்த விரல். அதற்கடுத்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இருந்த சதையை நீவி, உள்ளங்கை அடிவரை கொண்டுபோனார். ஹமீதின் புருவம் முதலில் நெரிந்தது. பிறகு தோள் இறங்கியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"என்னோட ஒரு தடவ வேலூருக்கு வா" என்றார் சர்தார் பாஷா, உதடு அசையாமல். "இது ஒட்டறது இல்ல. ஜெபராணின்னு ஒரு அம்மா இருக்காங்க."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டீ ஆறுவதற்குள் பேரம் முடிக்கிற ஆள், இத்தனை நேரம் துண்டுக்குள் என்ன செய்கிறார்? விலை எங்கேயோ எகிறிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டார்கள். பரபரப்புத் தாங்கவில்லை. "ஹாஜியாருக்குக் கண்ணே கலங்கிடுச்சுய்யா, இன்னா வெல கேக்கறாரோ!" என்றான் ஒருவன். சரக்குப் போய்விடப் போகிறதே என்ற பதைப்பில் இரண்டு ஷாப்புக்காரர்கள் முண்டியடித்து முன்னால் வந்தார்கள். ஒருவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, "பாஷா பாய், அடுத்த கை என்னுது! எனக்கு அப்புறம்தான் மத்தவங்க!" என்று கத்தினார். பச்சையப்பன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

சர்தார் பாஷா கடைசியாகக் கட்டைவிரலை நீவி விட்டுவிட்டு, நான்கு விரலைப் பிடித்து, உள்ளங்கையில் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். பதினாலரை. ஹமீதுக்குப் புதுப் பாஷை சொல்லாமலே விளங்கியது. தலையை ஆட்டப் போனவர் நிறுத்தினார். கையை எடுக்கவில்லை.

"படியல" என்றார், மண்டிக்கே கேட்கும் குரலில். "இன்னும் படியல. பேசு பாஷா, இன்னும் கொஞ்ச நேரம் பேசு."